வீச்சுவலை கேம்: வலை தப்பினால் விளையாடுபவருக்கு என்ன காட்டுவது?

வாவிக்கரை (கல்லடி):

எல்லோருக்கும் வணக்கம். ஆண்ட்ராய்டு போனுக்கு ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறேன். களம் நம்முடைய மட்டக்களப்பு வாவி. இரவு நேரம், ஒரு தோணி, கையில் வீச்சுவலை. திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் வீசும் பலம் ஏறும், எடுத்தால் வலை பறக்கும். தண்ணீருக்குள் மீன்களின் நிழல் ஓடிக்கொண்டிருக்கும். நிழலின் மேல் வலை விரிந்து விழுந்தால் மீன் அகப்படும். கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்கிறேன், படங்களெல்லாம் தங்கச்சி வரைந்தவை.

பிரச்சினை என்னவென்றால், ஆட்கள் ஆசையாக வாங்கி விளையாடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் "நல்லா இருக்கு" என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். மறுபடி யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் இருந்து கவனித்துப் பார்த்தேன். மூன்று நான்கு தரம் தொடர்ந்து வலை தப்பினால் ஆர்வம் வடிந்துவிடுகிறது. மீன் அகப்பட்டால் இப்போது ஒரு மணிச்சத்தமும் புள்ளியும் வரும். தப்பினால் ஒன்றும் வராது, வலை வெறுமனே தோணிக்குத் திரும்பும்.

நாணயம், நட்சத்திரம், தினமும் திறந்தால் ஒரு பரிசு, "அபாரம்!" என்று பெரிய எழுத்தில் வருவது, இதெல்லாம் சேர்த்தால் ஆட்கள் நிற்பார்களா? விளையாடுபவருக்குக் கேம் கொடுக்கும் பின்னூட்டம் பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிந்தவூரான்:

தம்பி, பரிசையெல்லாம் கொஞ்ச நேரம் ஒரு பக்கம் வையுங்கள். "தப்பினால் ஒன்றும் வராது" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. மீன் பிடித்தவருக்குச் சத்தமும் கொடுக்கிறீர்கள், புள்ளியும் கொடுக்கிறீர்கள். அவருக்குத்தான் அது அவ்வளவாகத் தேவையில்லை, மீனைக் கண்ணால் காண்கிறார். தப்பவிட்டவர் அடுத்த வீச்சில் எதையோ மாற்ற வேண்டும். எதை? பலம் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, மீன் திரும்பிய பிறகு வீசினாரா? உங்கள் கேம் வாயே திறக்கவில்லை. அவர் குருட்டாம்போக்கில் திரும்ப வீசுகிறார், திரும்பத் தப்புகிறது. அலுத்துப்போகாமல் என்ன செய்யும்?

நான் சொப்ட்வெயார் வேலை செய்கிறவன், ஓய்வு நேரத்தில் கேம் செய்கிறவன். எனக்கு விளங்கிய அளவில், ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு விளையாடுபவர் மனதில் மூன்று கேள்வி எழும். நான் அழுத்தியது கேமுக்குக் கேட்டதா? என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது?

முதலாவதுக்கு நேரம்தான் எல்லாம். விரல் பட்டு ஏறக்குறைய 0.1 செக்கனுக்குள் திரையில் ஏதாவது அசைந்தால்தான் "நான் செய்தேன்" என்ற உணர்வு வரும். கணினித் துறையில் 1968 முதல் சொல்லப்பட்டு வரும் அளவு இது. செக்கனுக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு பிரேம் 16.7 மில்லிசெக்கன். கணக்குப் பார்த்தால் உங்களிடம் ஆறு பிரேம் இருக்கிறது. மலிவுப் போன்களில் தொடுதிரையே அதில் பாதியை விழுங்கிவிடலாம். ஆகவே விரல் பட்ட அதே பிரேமிலேயே மீனவனின் தோள் பின்னால் சாயத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது உங்களிடம் பாதி இருக்கிறது. மூன்றாவது அறவே இல்லை. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை எடுங்கள். பொத்தானை நீளமாக அழுத்தினால் உயரப் பாய்வான், தட்டிவிட்டால் சின்னப் பாய்ச்சல். குழிக்குள் விழுந்தாலும் "ஓடிவந்து பாய்ந்திருக்க வேண்டும்" என்று பத்து வயதுப் பிள்ளை தானே சொல்லும். யாரும் எழுதிக் காட்டவில்லை. விழுந்த விதமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

ஒரு கேள்வி: தப்பிய பிறகு அடுத்த வீச்சுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

வாவிக்கரை (கல்லடி):

நன்றி நானா. வலை மெதுவாகத் திரும்பி வருவது அழகாக இருக்கட்டும் என்று நாலு செக்கனுக்கு மேல் வைத்திருக்கிறேன்.

நிந்தவூரான்:

வெறும் வலைக்கு அது மிக அதிகம். செலஸ்ட் என்று 2018இல் ஒரு கேம் வந்தது, மலை ஏறுவது. சரியான கஷ்டம், ஒரே திரையில் நூறு தரம் செத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் விட்டுவிட்டுப் போவதில்லை. செத்த மறுகணமே அதே திரையின் தொடக்கத்தில் நிற்பீர்கள், எங்கே தவறு விட்டீர்கள் என்பது மறக்கும் முன்பே அடுத்த முயற்சி தொடங்கிவிடும். தவறுக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையில் நேரம் கூடக்கூடச் சொன்ன பாடம் ஆறிப்போகும். வெறும் வலையை ஒரு செக்கனுக்குள் கையில் கொடுங்கள். மீன் உள்ள வலைக்கு வேண்டுமானால் நேரம் எடுக்கட்டும்.

பாடுமீன் (ஆரையம்பதி):

கேம் செய்யத் தெரியாது. வீச்சுவலை தெரியும். அப்பாவோடு சின்ன வயதிலிருந்து வாவிக்குப் போனவன், அதனால் எழுதுகிறேன்.

தம்பி, வலை தப்பியதா இல்லையா என்பது வீசியவனுக்கு மீனைப் பார்த்துத் தெரிவதில்லை. அதற்கு முதலே தெரிந்துவிடும். வலையின் ஓரம் முழுக்க ஈயக்குண்டு கோத்திருக்கும். வலை வட்டமாக விரிந்து விழுந்தால் அத்தனை குண்டும் ஒரே நேரத்தில் தண்ணீரில் படும். சலார் என்று ஒரே சத்தம். இடுப்பைச் சரியாகத் திருப்பாமல் வீசினால், அல்லது கையை முந்தி விட்டால், வலை பாதிதான் விரியும். அப்போது குண்டுகள் முன்னும் பின்னுமாக விழும், சத்தம் உடைந்து வரும். சுத்தமாக விரியாவிட்டால் ஒரு பொட்டலம் விழுந்த மாதிரி தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இருட்டில் வலையின் வடிவம் கண்ணுக்குப் பிடிபடாது. அப்பா என் வலையைப் பார்க்கவே மாட்டார், தோணியின் மறுமுனையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். சத்தத்தைக் கேட்டே "கையை முந்தி விட்டாய்" என்பார்.

அடுத்தது கயிறு. வலையின் கயிறு மணிக்கட்டில் சுற்றியிருக்கும். மீன் அகப்பட்டால் அது துடிப்பது கயிறு வழியாக வந்து கையில் தட்டும். பெரிய மீன் என்றால் விட்டுவிட்டு இழுக்கும், சின்னது என்றால் படபடவென்று அதிரும். வெறும் வலை கனக்கும், ஆனால் துடிக்காது. அவசரப்பட்டு இழுத்தால் குண்டுகள் தரையைவிட்டுக் கிளம்பி, இடைவெளியால் மீன் போய்விடும். பதறாமல் இழுக்க வேண்டும். அகப்பட்ட மீனை இழுக்கும்போது விட்டவன்தான் அதிகம்.

உங்கள் கேமில் இழுப்பதே இல்லைப் போலிருக்கிறது. வலை விழுந்ததும் முடிவு வந்துவிடுகிறது. அது எனக்குக் குறையாகப் படுகிறது.

நிந்தவூரான்:

அண்ணன், நான் எழுதியதைவிட இந்த ஒரு பதிவில் விஷயம் அதிகம். வாவிக்கரை, இதை அப்படியே எடுத்து வையுங்கள். மூன்று சத்தம்: முழுவட்டம், பாதி, பொட்டலம். வலை தண்ணீரில் பட்ட கணமே கேட்க வேண்டும். தண்ணீரில் எழும் வளையமும் அதே வடிவத்தில் இருக்கட்டும். கயிற்றுத் துடிப்பு போனின் வைப்ரேஷனில் வரட்டும். விரலால் இழுக்கும் வேகம் கூடினால் குண்டு கிளம்பும் சத்தம் மெல்லக் கேட்டால், "அவசரப்படாதே" என்று எழுத்தில் போட வேண்டிய தேவையே இல்லை.

சத்தத்துக்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற சுடும் கேமில் நாலே நாலு தாழ்ந்த சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்கும். எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவை வேகமாக நகரும், அந்தச் சுரங்களும் கூடவே வேகமெடுக்கும். எதிரிகளின் வேகம் கூடியதற்குக் காரணம் அந்தக் கால வன்பொருள்: திரையில் வரைய வேண்டியவை குறைந்ததும் இயந்திரம் தானாக விரைவாக ஓடியது. வடிவமைத்த நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். ஆபத்து எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்பதை விளையாடுபவர் காதால் உணர்ந்தார்.

ரேங்க்புஷ் (கல்முனை):

எல்லோரும் பெரிய ஆட்கள் பேசுகிறீர்கள், நான் விளையாடுகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஃப்ரீ ஃபயர் என்ற ஆன்லைன் சுடும் கேம் விளையாடுகிறேன். எங்கள் ஏரியாவில் எல்லாப் பொடியன்களும் அதுதான். ரேங்க் இல்லாவிட்டால் யாரும் விளையாட மாட்டார்கள். ஸ்கின் (புதுத் தோற்றம்), டயமண்ட் (கேமுக்குள் செல்லும் காசு), டெய்லி மிஷன் (தினமும் முடித்தால் பரிசு தரும் வேலை) இதெல்லாம்தான் ஆளை இழுக்கும். பரிசு வேண்டாம் என்று நானா சொல்வது சரியில்லை. தோணியை மாற்றலாம், வலைக்குக் கலர் வாங்கலாம் என்றால் நானே விளையாடுவேன்.

அப்புறம் இன்னொரு விஷயம். சில நேரம் சுட்டால் இரத்தம் தெறிக்கும், ஆனால் எதிரிக்கு எவ்வளவு அடி என்று காட்டும் டேமேஜ் எண் வராது. அது மாதிரி ஆத்திரம் வேறு எதிலும் வராது.

கணக்கு டீச்சர் (களுவாஞ்சிக்குடி):

தம்பி ரேங்க்புஷ் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பிள்ளைகளுக்குப் பரிசு பிடிக்கும், அது உண்மை. ஆனால் பரிசு இரண்டு விதமாக வேலை செய்யும். இதில் வகுப்பறையில் படிப்பிக்கிறவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே பிரச்சினை, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். எல்லோரும் கலர் பேனையால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள். ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்குப் பரிசே இல்லை. ஓரிரு கிழமை கழித்து, சும்மா விளையாடும் நேரத்தில் யார் பேனையை எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு ஆசை குறையவில்லை. "இதைச் செய்தால் அது கிடைக்கும்" என்ற பேரம்தான் ஆசையைத் தின்கிறது. டெய்லி மிஷன் என்பது அந்தப் பேரமேதான்.

பின்னூட்டம் எதுவானாலும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். க்ளூகர், டெனிசி இருவரும் 1996இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 607 விளைவுகளை ஒப்பிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் உதவுகிறது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் செயல்திறன் குறைந்திருந்தது. அவர்கள் தரும் விளக்கம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: பின்னூட்டம் கவனத்தைச் செய்யும் வேலையிலிருந்து "நான் கெட்டிக்காரனா, மொக்கனா" என்ற பக்கம் திருப்பினால் கெடுத்துவிடுகிறது.

ஒரு பிள்ளை பின்னம் கூட்டுகிறது. மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி வைத்திருக்கிறது. நான் பெரிய சிவப்புப் பிழை போட்டு 10க்கு 3 என்று எழுதினால் பிள்ளை என்னத்தைப் படிக்கும்? தான் 3 என்பதைப் படிக்கும். "அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்று வர வேண்டும், உன் முறையில் என்ன வருகிறது என்று பார்" என்று ஓரத்தில் எழுதினால், பிள்ளை தானே செய்து பார்க்கும். நாலில் இரண்டு வரும். திரும்பவும் அரைதான். முகம் சுருங்கும், பிறகு பேனையை எடுக்கும். அந்த ஒரு வரி எழுத எனக்கு நேரமில்லாத நாட்கள் நிறைய. ஒரு வகுப்பில் நாற்பது கொப்பி. கேமுக்கு நேரமில்லை என்ற பிரச்சினையே இல்லையே, ஒவ்வொரு வீச்சுக்கும் அது ஓரத்தில் எழுதலாம். அப்படியொரு வாய்ப்பை வைத்துக்கொண்டு "அபாரம்!" என்று மட்டும் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தனிவழி (செங்கலடி):

டீச்சர் சொல்வது படிப்புக்குச் சரி. கேம் படிப்பு இல்லை. ஆட்கள் களைத்து வீட்டுக்கு வந்து, கொஞ்சம் மனம் லேசாகட்டும் என்று போனை எடுக்கிறார்கள். அங்கே கொண்டாட்டமும் வேண்டும். பெகிள் என்று 2007இல் ஒரு கேம், பந்தை விட்டு முளைகளைத் தட்டுவது. பந்து கடைசி முளையை நெருங்கும்போது திரை பெரிதாகும், எல்லாம் மெதுவாகும், முரசு உருளும். பட்டதும் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனி முழங்க வாணவேடிக்கை. அதில் விளையாடுபவருக்கு ஒரு தகவலும் இல்லை. ஆனால் அந்தக் கணத்துக்காகவே ஆட்கள் திரும்ப விளையாடினார்கள். சண்டைக் கேம்களிலும் அடி விழும் கணத்தில் ஒரு சில பிரேம்கள் இரண்டு பேரும் உறைந்து நிற்பார்கள். அதை எடுத்துவிட்டால் அடி வெறும் காற்றாகிவிடும். வாவிக்கரை, மீன் அகப்படும்போது ஒரு கணம் எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். தோணி ஒரு பக்கம் சாயட்டும், தண்ணீர் தெறிக்கட்டும்.

வருமானத்தையும் யோசியுங்கள். இலவச கேம், விளம்பரத்தில்தான் காசு வரும். ஆள் நாளைக்கும் வராவிட்டால் நீங்கள் அடுத்த கேம் செய்ய மாட்டீர்கள்.

நிந்தவூரான்:

தனிவழி, கொண்டாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெகிளில் அந்த மெதுவான கணம் எப்போது வருகிறது? ஒவ்வொரு முளைக்கும் வருவதில்லை, கடைசி முளைக்குத்தான். செயலின் அளவும் கொண்டாட்டத்தின் அளவும் ஒத்துப்போனால் கொண்டாட்டமும் தகவல்தான்: "இது பெரிய விஷயம்" என்று அது சொல்கிறது. சின்ன மீனுக்கும் பெரிய மீனுக்கும் ஒரே வாணவேடிக்கை என்றால் கொஞ்ச நேரத்தில் கண் பார்ப்பதை விட்டுவிடும்.

ரேங்க்புஷ், நீங்கள் கடைசியில் சொன்ன இரத்தம் தெறிக்கும் விஷயம் இந்த இழைக்கே நல்ல சான்று. ஆன்லைன் கேமில் நீங்கள் சுட்டதும் உங்கள் போன் சர்வரிடம் கேட்டுக்கொண்டு காத்திருக்காது. காத்திருந்தால் ஒவ்வொரு அசைவும் பிந்தும். 1996இல் குவேக்வேர்ல்ட் என்ற ஆன்லைன் சுடும் கேம் காட்டிய வழி அது: உங்கள் கருவி தானே ஊகித்து உடனே காட்டும், சர்வர் பிறகு தீர்ப்புச் சொல்லும். தெறிப்பு உங்கள் போனின் ஊகம், டேமேஜ் எண் சர்வரின் தீர்ப்பு. சிக்னல் மோசமானால் இரண்டும் முரண்படும். தோற்றதைவிட, கேம் ஒரு வாயால் "பட்டது" என்றும் மறுவாயால் "படவில்லை" என்றும் சொன்னதுதான் உங்களுக்கு ஆத்திரம். ஸ்கின் கிடைக்காத நாளில் இவ்வளவு ஆத்திரம் வந்ததா?

ரேங்க்புஷ் (கல்முனை):

இல்லைதான் நானா. ஆனால் ரேங்க்?

நிந்தவூரான்:

ரேங்க் நல்ல விஷயம். அது நீங்கள் எவ்வளவு முன்னேறிவிட்டீர்கள் என்று சொல்கிறது, உங்கள் ஆட்டத்தோடு ஒட்டியது. அதோடு, உள்ளே பரிசு ஒளிந்திருக்கும் பெட்டி திறப்பதைச் சேர்க்காதீர்கள். பெட்டியில் என்ன வரும் என்று தெரியாது, எத்தனையாவதில் வரும் என்றும் தெரியாது. அந்த ஒழுங்கில் பரிசு கொடுத்தால் புறாகூட நிறுத்தாமல் கொத்தும் என்று 1957இல் ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற உளவியலாளர்கள் எழுதிய நூலிலேயே இருக்கிறது. 2018இல் பெல்ஜியம் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. அதனால் ஆள் நாளைக்கும் வருவார், உண்மை. வலை வீசத் தெரிந்ததால் வர மாட்டார். பத்து வயதுப் பிள்ளைகள் விளையாடப் போகும் கேமில் அதை வைக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்.

நாளைக்கும் வரவைக்க வேறு வழி உண்டு. 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டைச் சோதித்த காலத்தில், நீண்ட நேரம் விளையாடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்திருந்தார்கள். எல்லோரும் திட்டினார்கள். பிறகு அதையே புரட்டிப்போட்டார்கள்: ஓய்வெடுத்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரத்துக்கு இரட்டிப்புப் புள்ளி, அது தீர்ந்தால் வழமையான புள்ளி. கணக்கு ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஆனால் இப்போது கேம் "போய் இளைப்பாறிவிட்டு வா" என்று சொல்கிறது. ஒரு நாள் விட்டால் சங்கிலி அறுந்துவிடும் என்று பயமுறுத்தும் டெய்லி பரிசை விட இது எவ்வளவோ மேல்.

சம்மாந்துறை வாசகி:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். இரண்டு விஷயம் மட்டும். பஸ்ஸில் போகும்போது எல்லோரும் சத்தத்தை மூடிவிட்டுத்தான் விளையாடுவார்கள். சத்தத்தில் மட்டும் ஒன்றைச் சொன்னால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. மற்றது நிறம். என் தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, ஆண்பிள்ளைகளில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். பலம் காட்டும் பட்டை பச்சையிலிருந்து சிவப்பாக மாறும் என்று வைத்தால் அவனுக்கு அது ஒரே பட்டைதான். நீளம், வடிவம், தடிப்பு ஏதாவது ஒன்றும் கூடவே மாறட்டும்.

தனிவழி (செங்கலடி):

நல்ல விஷயம் அக்கா.

வாவிக்கரை, ஒரு நுணுக்கம் சொல்கிறேன். திரையில் தெரியும் வலையைவிட, மீன் அகப்படும் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். நானா சொன்ன செலஸ்டிலேயே, விளிம்பைத் தாண்டி 0.1 செக்கன் வரைக்கும் பாயும் பொத்தானை அழுத்தினால் கேம் ஏற்றுக்கொள்ளும். ஃபயர் எம்ப்ளம் வரிசையில் பல கேம்கள் "அடி படும் வாய்ப்பு 90" என்று காட்டும். உள்ளே தற்செயலாக இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்க்கும், அதனால் உண்மையில் 98க்கு மேல் படும். ஏனென்றால் 90 என்று பார்த்தவர் மனதில் "கட்டாயம் படும்" என்றே பதிவாகியிருக்கும்.

கணக்கு டீச்சர் (களுவாஞ்சிக்குடி):

இது எனக்கு நெருடுகிறது. இவ்வளவு நேரமும் பின்னூட்டம் உண்மை பேச வேண்டும் என்றோம். இப்போது கேம் பொய் சொல்லலாம் என்கிறீர்களா? 90 என்றால் 90தான். நிகழ்தகவைப் பிள்ளைகள் எங்கே சரியாகப் படிப்பார்கள்?

நிந்தவூரான்:

டீச்சர் கேட்டது நியாயமான கேள்வி. ஃபயர் எம்ப்ளம் விஷயத்தில் நான் டீச்சர் பக்கம். எண் என்று ஒன்றைக் காட்டினால் அது உண்மையாக இருக்க வேண்டும். மென்மையாக்க வேண்டுமானால் எண்ணைக் காட்டாமல் விடலாம்.

ஆனால் விளிம்பில் 0.1 செக்கன் சலுகை வேறு. விளையாடுபவர் விளிம்பில்தான் பாய நினைத்தார். அவருடைய கண்ணும் மலிவுப் போனின் தொடுதிரையும் சேர்ந்து பிந்திவிட்டன. கேம் அவர் நினைத்ததைக் கணக்கில் எடுக்கிறது. வலையின் ஓரத்தில் பாதி உடல் பட்ட மீனும் அகப்படட்டும் என்பது அதே சேர்த்தி.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, அதை ஒருபோதும் செய்யக்கூடாது. சூதாட்ட இயந்திரங்களில் மூன்றில் இரண்டு படம் ஒத்துவந்து மூன்றாவது ஒரு படி தள்ளி நிற்கும். "மயிரிழையில் போய்விட்டதே" என்று ஆள் திரும்பக் காசு போடுவார். அங்கே அவர் கையில் திறமை ஒன்றும் இல்லை, அந்த "மயிரிழை"யில் கற்பதற்கும் ஒன்றுமில்லை. உங்கள் கேமில் மீன் உண்மையில் வலைக்குத் தூரத்தில் இருந்தபோது, ஓரத்தில் தட்டிவிட்டுத் தப்பியதாகக் காட்டினால் அதுவும் இதே ஏமாற்றுத்தான். அடுத்த வீச்சை அவர் தவறாகத் திருத்துவார். கொஞ்சம் தள்ளித் தப்பியதென்றால் கொஞ்சம், நிறைய என்றால் நிறைய, அப்படியே காட்டுங்கள்.

கணக்கு டீச்சர் (களுவாஞ்சிக்குடி):

சரி, சலுகையை ஏற்றுக்கொள்கிறேன். பொய்யான மயிரிழையை எந்தக் காலத்திலும் ஏற்கமாட்டேன்.

வாவிக்கரை (கல்லடி):

எல்லோருக்கும் மிக்க நன்றி. கொஞ்ச நாளாக உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன்.

வலை விழும் சத்தம் மூன்று விதமாகிவிட்டது. கிடுகுப் பந்தலில் மணல் எறிந்தும், ஈர நிலத்தில் நனைந்த துணியைப் போட்டும் பதிவு செய்தோம். சத்தத்தை மூடியிருந்தாலும் தெரியும்படி தண்ணீரில் எழும் வளையம் முழுவட்டம், பிறை, சின்னக் குமிழ் என்று மாறும். பலம் காட்டும் பட்டையை எடுத்துவிட்டேன். மீனவனின் இடுப்புத் திரும்பும் அளவே பலத்தைக் காட்டும்.

தப்பினால் மீன் நிழல்கள் வலை விழுந்த இடத்திலிருந்து விலகி ஓடும். வலை முன்னால் விழுந்தால் பின்னால், பின்னால் விழுந்தால் முன்னால். எந்தப் பக்கம் தவறியது என்று எழுத்து ஒன்றும் இல்லாமலே தெரிகிறது. வெறும் வலை ஒரு செக்கனுக்குள் வந்துவிடும். இழுப்பதையும் சேர்த்துவிட்டேன். அண்ணன் சொன்ன மாதிரி அவசரமாக இழுத்தால் குண்டு கிளம்பும்.

பரிசில் ஒன்றை மட்டும் வைத்தேன். ரேங்க்புஷ் கேட்ட தோணிக் கலர். முன்கூட்டிச் சொல்வதில்லை, பெரிய மீன் ஒன்றைப் பதறாமல் இழுத்து எடுத்த பிறகு தோணியில் ஒரு பூ வரைந்திருக்கும். விளம்பரம் வலை தப்பிய இடத்தில் வராது, கரைக்குத் திரும்பும்போது மட்டும்.

பக்கத்து வீட்டுப் பொடியன் விளையாடும்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறை வளையத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்து விட்டிருக்கணும்" என்று தானாகச் சொன்னான்.

ஒரு சிக்கல் மிச்சம். கயிற்றுத் துடிப்பு என் போனில் நன்றாக வருகிறது. தங்கச்சியின் பழைய போனில் எல்லா மீனுக்கும் ஒரே உறுமல்தான்.

நிந்தவூரான்:

பழைய போன்களில் வைப்ரேஷன் மோட்டார் வேகமெடுக்கவும் நிற்கவும் நேரம் எடுக்கும். பலத்தைக் கூட்டிக் குறைக்கவும் பல போன்களில் முடியாது. பலத்தில் வேறுபாடு காட்டாமல் இடைவெளியில் காட்டுங்கள். பெரிய மீனுக்கு ஒரு நீண்ட அதிர்வு, ஒரு பெரிய இடைவெளி, திரும்ப ஒரு நீண்டது. சின்ன மீனுக்குக் குட்டிக்குட்டியாக நெருக்கி. குட்டி அதிர்வும் 50 மில்லிசெக்கனுக்குக் குறையாமல் இருக்கட்டும், அதைவிடச் சிறியதாக இருந்தால் பழைய மோட்டார் அசையுமுன்பே முடிந்துவிடும்.

பாடுமீன் (ஆரையம்பதி):

பெரிய மீன் ஒரே சீராக இழுக்காது தம்பி. இரண்டு தரம் இழுத்துவிட்டுச் சும்மா கிடக்கும், செத்துவிட்டது என்று நினைக்கும்போது திரும்ப இழுக்கும். அந்த இடைவெளியை ஒழுங்கில்லாமல் வையுங்கள். இறாலுக்குத் துடிப்பே வேண்டாம், அது கயிற்றில் தெரியாது. வலை மேலே வந்த பிறகுதான் காணலாம்.

ரேங்க்புஷ் (கல்முனை):

அண்ணன், லிங்கை அனுப்புங்கள். என்னிடம் பழைய போன் ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.